பணியாரக் கம்பியும் இடது பக்கக் கதவும்

1

நேற்றுக் காலை ஒர்க்‌ஷாப் தவுக்கே போன் செய்தார். தவுக்கே என்றால் முதலாளி. இங்கே மலேசியாவில் கடை வைத்திருக்கும் சீனர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் காரின் இடது பக்கக் கதவுக்கு உட்கைப்பிடி வந்துவிட்டதாம். புத்தம் புதியதாம். வண்டியைக் கொண்டுபோனால் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் மாட்டிக் கொடுத்துவிடுவாராம்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வேணாம்னு சொல்லு" என்றார்.

"புதுசுங்க."

"பழசுக்கு என்னா? நல்லாத்தான இருக்கு லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த "லா"வோடு.

நன்றாக இருக்கிறதாம்! ஒரு மூலையில் பசை வழிந்து உறைந்து கிடக்கிறது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாக ஆப்பசோடா. நடுவில் என் அம்மா கல்யாணச் சீரில் வைத்துக் கொடுத்த பணியாரக் கம்பியின் துண்டு ஒன்று. ஈப்போவில் எங்கள் குனோங் ராபாட் வட்டாரத்தில் இவ்வளவு அசிங்கமான கைப்பிடி வேறு எந்தக் காரிலும் கிடையாது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். இருந்தும் தவுக்கேயிடம் வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். மலாயில் அதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. தமிழில் போதும் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கமிருந்து என்னைக் கூப்பிடும் சொந்தக்காரர்கள் நீங்கள் எல்லோரும், "மாப்பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். "தேவலை" என்று சொல்லிவிட்டு நான் ஊர் விஷயம் கேட்கத் தொடங்கிவிடுவேன். அந்தத் தேவலைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு தடவையாவது விவரமாகச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

2

என் வீட்டுக்காரர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்து ஊரிலிருந்து கப்பலேறி, கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வந்தவர். தோட்டத்தைப் பற்றி ஊரிலிருந்து யாராவது கேட்டால், சிறு வயதில் அங்கே வளர்ந்த என் வீட்டுக்காரரைத்தான் நான் கேட்பேன். "அட்டைக் கடிதான் ஞாபகம் இருக்கு" என்று முடித்துவிடுவார். விட்டது தொல்லை என்று நினைப்பவர் அவர்.

மலேசியா மாப்பிள்ளை என்றதும் ஊரில் எல்லோரும் என்னை என்னவோ மாளிகைக்கு அனுப்புவதாக நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். வந்து பார்த்தால், சுண்ணாம்பு மலையடிவாரத்தில் வரிசை வீடு. மாப்பிள்ளை, தாப்பா என்ற ஊரிலிருந்து குளிர் மலைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பித் தாப்பாவுக்குப் போய், அங்கிருந்து நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிக் கூடையோடு வரும் கிழவிகள், குளிர் பார்க்கப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் என்று எல்லோரையும் ஏற்றி இறக்குவார்.

ஒருமுறை நானும் அந்தப் பஸ்ஸில் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்புவதைப் பார்த்து அசந்துவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். வளைவில் எனக்கு வாந்திதான் வந்தது. நான் அசந்தது வேறொன்றைப் பார்த்து. கதவு அவர் கையில் இருந்தது. பஸ் முழுதாக நின்ற பிறகுதான் கதவைத் திறப்பார். இறங்குகிறவரின் இரண்டாவது கால் தரையில் பட்டதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் மூடுவார். பின்னால் லோரிக்காரன் எத்தனை ஹாரன் அடித்தாலும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இந்த மனிதரோடு வாழ்ந்துவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது அன்றைக்குத்தான்.

இந்நாட்டுப் பிரஜையாகிவிடலாம் என்று நான் மனுப் போட்டபோது, நேர்காணலில் ஓர் அதிகாரி, கணவர் என்ன வேலை செய்கிறார் என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயை ஒட்டவைத்து, "தினமும் மலை ஏறுகிறார்" என்றேன். மலையேறும் வீரரா என்று அவர் ஆச்சரியப்பட்டுப் போனார். எனக்கும் ஆமாம் என்று சொல்வதுதான் மரியாதையாகப் பட்டது. அந்த மனு இன்னும் எங்கோ உறங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய அடையாள அட்டை நீலம், என்னுடையது சிவப்பு. அதாவது நான் நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் இந்த ஊர்க்காரி இல்லை. மகள் தர்ஷினிக்கும் நீலம். வீட்டில் நான் மட்டும்தான் சிவப்பு என்று அவள் கேலி செய்வாள்.

3

சென்ற ஆண்டின் நடுவில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் எடுக்கிறார். கால் முக்கால்வாசி தேறிவிட்டது. கைதான் அடம்பிடிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், முதல் ஒரு வருஷத்துக்குள் கை எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திரும்பவேண்டும், ஒரு தவணையும் விடாமல் அழைத்து வாருங்கள் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

சட்டைப் பொத்தானை நான் போடுகிறேன். சோற்றை நான் பிசைந்து தருகிறேன். இடது கையால் சோற்றைத் தொடமாட்டேன் என்று வீம்பு பிடித்து, ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுகிறார். காரை நான் ஓட்டுகிறேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் அமுக்கிக்கொண்டே வருவார். சிக்னலில் நான் கொஞ்சம் முன்னே போய்விட்டால் பெருமூச்சு விடுவார். எத்தனை பெருமூச்சு! ஒருநாள் இறக்கிவிட்டு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியிருக்கிறது.

ஆனால் ஒன்றே ஒன்று அவர் கையில் இருந்தது. கார் நின்றதும் அவருடைய நல்ல கை, அந்த இடது கை, கதவின் கைப்பிடிக்குப் போகும். டக் என்று ஒரு சத்தம் கேட்கும். கதவைத் தள்ளி, இடது காலை வெளியே வைத்து, வலது காலைக் கையால் தூக்கி வைத்து, கதவைப் பிடித்து எழுந்துவிடுவார். நான் இன்ஜினை அணைத்துச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் கைத்தடியோடு நின்றுகொண்டிருப்பார். "இவ்வளவு நேரமா?" என்று என்னையே கேட்பார். வீட்டில் எல்லாவற்றுக்கும் என்னை நம்பி இருந்த மனிதர், காரிலிருந்து இறங்கும்போது மட்டும் பழைய டிரைவராகிவிடுவார். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கைப்பிடிதான் போன மாதம் உடைந்தது. ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளை இறக்கிவிடும் கொட்டகைக்குக் கீழே. இழுத்தார், கைப்பிடி கையோடு லொடலொடவென்று வந்தது, கதவு திறக்கவில்லை. நான் வெளியே வந்து திறப்பதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, வெளியே கைவிட்டு, வெளிக்கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தார். நல்ல கைகால் உள்ளவர்கள் செய்யக்கூடியதுதான். இவர் உடம்பைத் திருப்பியதில் தோள் சன்னலில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. யாரோ ஓடிவந்தார்கள். சக்கர நாற்காலி வந்தது. காவலாளி கதவைத் திறந்தார். இரண்டு பேர் இவரைக் கைத்தாங்கலாக எடுத்து உட்காரவைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு தவணை. அடுத்ததற்குக் கிளம்பச் சொன்னேன். சட்டை போட மறுத்துவிட்டார். தலைவலி என்றார். அதற்கடுத்ததற்கு வயிறு சரியில்லை என்றார். கோயிலுக்கும் வரவில்லை, முடி வெட்டவும் வரவில்லை. பின்சீட்டில் உட்காருங்களேன், அந்தக் கதவு நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். எங்களுடையது சின்னக் கார். மடங்காத அந்தக் காலைப் பின்னால் நுழைக்க இடம் போதாது என்று எனக்கே தெரியும். கடைசியில் நான் சத்தம் போட்டேன். ஒரு கதவுக்காகக் கையையே விட்டுவிடப் போகிறீர்களா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் சொற்களைத் தேடினார்.

"நான் எத்தன பேருக்குக் கதவு தொறந்து விட்டிருக்கேன், வள்ளி. எனக்கு ஒருத்தன் தொறந்து விடணுமா?"

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவினேன்.

4

கைப்பிடி மாற்றினால் தீர்ந்தது, இதற்கு ஏன் இவ்வளவு ஒப்பாரி என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், கேளுங்கள். கைப்பிடி உடைந்த மறுநாளே சீனப் புத்தாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. ஈப்போவில் அந்த நாட்களில் ஒரு திருகாணிகூட வாங்க முடியாது. ஒர்க்‌ஷாப் அடைப்பு, உதிரிபாகக் கடை அடைப்பு, பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் கடைகள் எல்லாம் அடைப்பு. வாசலில் சிவப்பு விளக்கும் ஆரஞ்சுப் பழமும்தான். தவுக்கேயைப் போனில் பிடித்தேன். பின்னால் கல்யாண வீடு மாதிரி இரைச்சல். பாவம், சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்து பேசினார். அவர் தோட்டப் பக்கம் வளர்ந்தவர், கடைப் பேச்சுக்கு வேண்டிய தமிழ் தெரியும், அதற்கு மேல் போனால் மலாய்தான்.

"அக்கா, ஹேண்டல் ரோசாக்கா? ஆடர் போடறேன். கொஞ்சம் தாஹான் பண்ணுங்க, கடை தொறக்கட்டும்" என்றார். உடைந்துவிட்டதா, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த தவணை வியாழக்கிழமை. அதையும் விட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், மறுபடி புதிதாகப் பதிய வேண்டும், பதிந்து இடம் கிடைப்பதற்குள் அந்த ஒரு வருஷம் ஓடிவிடும் என்று கவுண்ட்டரில் இருந்த பெண் சொல்லியிருந்தாள். கை பொறுத்துக்கொள்ளுமா?

தர்ஷினியைக் கூப்பிட்டேன். அவள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் குரல் உயர்ந்துவிடும். தமிழ்ப் பள்ளியில்தான் படிக்கவைத்தேன். இப்போது தமிழில் குறுஞ்செய்தி போட்டால், "மா, வாய்ஸ் அனுப்புங்க, படிக்க நேரமாகுது" என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். அப்பாவோடு ஆங்கிலத்தில் ஐந்தாறு வார்த்தை, அவர் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். பிள்ளைகள் விலகிப் போவது சண்டை போட்டுக்கொண்டு அல்ல, இப்படிப் பாதி வாக்கியத்தில்தான் என்று எனக்குத் தோன்றும்.

நான் கைப்பிடிக் கதையைச் சொன்னதும் அவள் அவசரப்படவில்லை. போட்டோ அனுப்பச் சொன்னாள். சற்று நேரத்தில் ஒரு வீடியோவை அனுப்பினாள். ஒரு மலாய்ப் பையன் இதே மாதிரிக் காரில் இதே மாதிரிக் கைப்பிடியைக் கழற்றி மாட்டுகிறான். மெதுவாக, மெதுவாக என்று நாலு வார்த்தைக்கு ஒருமுறை சொல்கிறான். நான் அதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

"புதுசு கெடைக்கலன்னா என்னா மா, ஒடஞ்சதையே ஒட்டிப் பாக்கலாம் லா. நாள மதியம் லன்ச்ல நான் லைன்ல இருக்கேன். நீங்க ஓப்பன் பண்ணுங்க" என்றாள் தர்ஷினி.

"நானா?"

"பின்ன அப்பாவா?"

5

மறுநாள் மதியம் வீட்டு முன்கொட்டகையில் வேலையைத் தொடங்கினேன். போனைக் காரின் முன்கண்ணாடியில் சாய்த்து வைத்தேன். அதற்குள்ளே தர்ஷினி ஏதோ சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். இதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்ற முகம். ஆனால் நாற்காலியைக் காருக்கு அருகில் போடச் சொன்னவர் அவர்தான்.

கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்ன மூடி. அதை நெம்பி எடுத்தால் உள்ளே திருகாணி. வீடியோப் பையனிடம் அதற்கென்று ஒரு கருவி இருந்தது. என்னிடம் கத்தியும் ஸ்குரூடிரைவரும்தான். கத்தியை வைத்ததும் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தது. "ஐயோ மா!" என்றாள் போனுக்குள்ளிருந்து. அப்போதுதான் எனக்குப் பணியாரக் கம்பி ஞாபகம் வந்தது.

அது சாதாரணக் கம்பிதான். ஒரு சாண் நீளம், முனை மழுங்கலான கூர், தட்டையான பிடி. பிடியில் என் அம்மா எங்கள் வீட்டுப் பெயரின் முதலெழுத்துகளை வெட்டவைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் என்றால் கரண்டிக்கும் பெயர் வெட்டாமல் விடமாட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் இந்த நாட்டில் இறங்கிய அன்று விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து அந்தக் கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது என்ன என்று சைகையில் கேட்டார். எனக்கு மலாய் ஒரு சொல் தெரியாது. அவர் முன்னால் காற்றிலே பணியாரச் சட்டி வைத்து, மாவு ஊற்றி, கம்பியை விளிம்பைச் சுற்றி ஓட்டி, புரட்டிக் காட்டினேன். "ஆப்பம்" என்றேன், பணியாரத்தைவிட அதுதான் சுலபமாக வாயில் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆப்பாம்!" என்று அவரும் சொல்லி, கம்பியைத் துணியில் சுற்றி அவரே பெட்டிக்குள் வைத்தார். இங்கேயும் அந்தப் பெயரில் ஒரு பலகாரம் உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த நாட்டின் மேல் எனக்கு வந்த முதல் நம்பிக்கை அது. எத்தனையோ கவுண்ட்டர்களில் என்னைக் காக்கவைத்திருக்கிறார்கள், திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், ஆனாலும் அந்த ஆப்பாம் அதிகாரியை நினைத்தால் கோபம் அரைவாசி இறங்கிவிடும்.

பணியாரம் சுட்டவர்களுக்குத் தெரியும். நடுவில் குத்தித் தூக்கினால் பிய்ந்துவிடும். விளிம்போரமாகக் கம்பியை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவந்தால், அதுவே பிடியை விட்டு எழும்பும். அந்த மூடியையும் அப்படித்தான் எடுத்தேன். ஓரத்தில் விட்டு, மெல்லச் சுற்றினேன். கீறல் இல்லாமல் உள்ளங்கையில் விழுந்தது. திருகாணியைக் கழற்றி, கைப்பிடிக் கூட்டை முன்னால் நகர்த்தி, பின்னால் கோத்திருந்த கம்பி வடத்தைப் பணியாரக் கம்பியாலேயே கொக்கியிலிருந்து விடுவித்தேன். மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

"மா, யூ ஆர் குட்" என்றாள் தர்ஷினி. வாயில் சோறு.

6

கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு காது, காதுகளில் அது சுழல்வதற்கு ஓர் அச்சு. அதில் ஒரு காது முறிந்திருந்தது. முறிந்த துண்டு கூட்டுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அச்சைச் சுற்றிலும் ஏதோ மஞ்சளாக, கட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. துரு என்று நினைத்தேன். கம்பியால் சுரண்டினேன். வாசனை வந்தது.

சந்தனம்.

ஆயுத பூசைக்கு ஆயுத பூசை நான் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். முன்கண்ணாடிக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று நிறுத்துகிற கை அல்ல என் கை. ஊரில் அரிவாள்மணையிலிருந்து தையல் மிஷின் வரை வைத்துப் பழகிய கை. நாலு கதவின் உட்கைப்பிடிக்கும் குழைத்துக் குழைத்து அப்புவேன். இவர் இப்போது உட்காரும் பக்கம் என்பதால் போன பூசைக்கு இடது பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வருஷா வருஷம் வைத்த சந்தனம் வழிந்து, அச்சுக்குள் இறங்கி, காய்ந்து, கல்லாகி இருக்கிறது. சுற்ற மறுத்த அச்சை இவர் ஒற்றைக் கையால் இழுத்து இழுத்தே காது முறிந்திருக்கிறது. உள்ளே ஒரு அறுகம்புல்கூடக் கிடந்தது.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையில் அதை வைத்துக்கொண்டு அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கி மூக்கருகில் கொண்டுபோனார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"வண்டிக்கு... ஃபேசியலு வேணாம்... வேணாம்னு சொன்னேன்" என்றார். பிறகு ஒரு சொல்லைத் தேடி, கண்டுபிடித்து, "சாமியே கதவப் புடிச்சிக்கிச்சி லா" என்றார்.

சிரிக்கத் தொடங்கினார். முகத்தின் ஒரு பக்கம் முதலில் சிரித்தது, மற்றொரு பக்கம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. தோள் குலுங்கியது, நாற்காலி கிரீச்சிட்டது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து நான் கேட்காத சத்தம் அது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தேன். போனைப் பார்த்தேன். தர்ஷினி கரண்டியைக் கீழே வைத்திருந்தாள்.

"அது அப்பா சிரிக்கிறதா?" என்று தமிழில் கேட்டாள். "மா, போன அப்பா பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் திரும்பினாள் என்று பிறகு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பாதி வாக்கியங்களை நான் அன்றோடு மன்னித்துவிட்டேன்.

மிச்ச வேலையை அவள் சொல்லச் சொல்லத்தான் செய்தேன். முறிந்த காதை, தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் பசை வைத்துப் பொருத்தி, அதன்மேல் ஆப்பசோடாவைத் தூவி, மறுபடி பசை விட வேண்டுமாம். இரண்டும் சேர்ந்தால் கல்லாக இறுகிவிடுமாம். ஆப்பசோடா இல்லாத வீடா எங்கள் வீடு? தூவியதும் புகை வந்தது, கண் எரிந்தது, நான் பின்னால் துள்ளினேன். நிஜமாகவே கல்லாகிவிட்டது. இதைக் கண்டுபிடித்த மனிதர் யாராக இருந்தாலும் அவர் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும்.

ஆனால் அச்சு வேண்டும். பழைய அச்சு பிளாஸ்டிக், காதோடு சேர்ந்து நொறுங்கியிருந்தது. ஆணி பார்த்தேன், தடிமன். ஊக்கு பார்த்தேன், வளைந்துவிட்டது. தர்ஷினி ஏதேதோ சொன்னாள், எதுவும் வீட்டில் இல்லை, கடைகளும் இல்லை. நான் கையிலிருந்த பணியாரக் கம்பியைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சொல்லவில்லை. அது என் சீர், அதைக் கேட்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

"வாள் எங்கங்க இருக்கு?" என்றேன்.

"வேணாம், வள்ளி. ஒங்கம்மா குடுத்தது."

"அம்மா ஒங்களுக்கும் சேத்துத்தான் குடுத்தாங்க."

அவருடைய பஸ் காலத்துப் பெட்டியிலிருந்து இரும்பறுக்கும் வாள் வந்தது. முதலில் கம்பியின் முனையை அடுப்பில் காய்ச்சி, ஒட்டிய காதில் ஓட்டை போட்டேன். பிறகு வாசற்படி விளிம்பில் வைத்து அறுக்கத் தொடங்கினேன். கம்பி உருண்டு உருண்டு ஓடியது. ஒரு கையால் பிடித்து ஒரு கையால் அறுக்க என்னால் முடியவில்லை. அவர் நாற்காலியிலிருந்து தானாகவே இறங்கிப் படியில் உட்கார்ந்தார். இடது கையால் கம்பியை அமுக்கினார். போதவில்லை. அப்போது தன் வலது கையை இடது கையால் எடுத்து, கம்பியின் மறுமுனையில் வைத்தார். அந்தக் கைக்குப் பிடிக்கத் தெரியாது, கனமாகக் கிடக்க மட்டும் தெரியும். கனம்தான் வேண்டியிருந்தது. நான் அறுத்தேன். கம்பி அசையவில்லை.

துண்டை அச்சாகக் கோத்து, பசை வைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். பெயர் வெட்டிய பிடியும் கொஞ்சம் கம்பியும் மிச்சம். அது இனிச் சட்டிக்கு எட்டாது. இப்போது பணியாரத்தைச் சாப்ஸ்டிக்கால் திருப்புகிறேன். சொன்னால் சிரிப்பீர்கள், கம்பியைவிட நன்றாகத்தான் திரும்புகிறது.

7

வியாழக்கிழமை காலை. சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். கையை நீட்டினார். வழி முழுக்க வழக்கமான பெருமூச்சு, வழக்கமான பிரேக். வீட்டுக் கொட்டகையில் நாலைந்து தடவை இழுத்துப் பார்த்திருந்தோம், திறந்தது. ஆனால் வீட்டில் திறப்பது வேறு, அந்த ஆஸ்பத்திரி வாசலில் திறப்பது வேறு. அங்கே மறுபடியும் லொடலொடத்தால் இந்த மனிதர் இனி ஜன்மத்துக்கும் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார். சந்தனத்தை நிறுத்திக்கொள்கிறேன், இன்று ஒரு நாள் மானத்தைக் காப்பாற்று என்று பிள்ளையாரிடம் பேரம் பேசிக்கொண்டே ஓட்டினேன்.

அதே கொட்டகை, அதே காவலாளி. அவர் எங்கள் காரை அடையாளம் கண்டு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பிரேக்கைப் போட்டுவிட்டு, பழக்க தோஷம், இறங்கி ஓடினேன். சுற்றிவந்து இடது பக்கக் கதவின் வெளிக்கைப்பிடியில் கைவைத்தேன்.

திறக்கவில்லை. உள்ளே பார்த்தேன். அவர் நேரே முன்னால் பார்த்தபடி, பூட்டை விரலால் அமுக்கிவைத்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் இடது கையை அசைத்தார். தள்ளி நில் என்று அர்த்தம். இறங்குவதற்கு முண்டியடிக்கும் பயணிகளிடம் காட்டும் அதே கை.

தள்ளி நின்றேன். காவலாளியும் நின்றார்.

பூட்டை எடுத்தார். கைப்பிடியை இழுத்தார். டக்.

கதவு திறந்தது. இடது கால் வெளியே வந்தது. வலது காலைத் தூக்கி வைத்தார். கதவைப் பிடித்தார், எழுந்தார். எழுந்து நின்று, சட்டையை ஒருமுறை கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, காவலாளிக்குத் தலையை ஆட்டினார். சக்கர நாற்காலி வேண்டாம் என்பதை அவ்வளவு மரியாதையாக ஒரு தலையாட்டலில் சொல்ல என் வீட்டுக்காரரால்தான் முடியும்.

நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"என்னா பாக்குற? கதவ நான் சாத்துறேன்" என்றார். "நீ போயி நம்பர் எடு."

போனேன். எண் சீட்டு எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபோது கண்ணீர் வந்துவிட்டது. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் இருந்த ஒரு மலாய்க்கார அம்மாள் என் தோளைத் தொட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். இல்லை, கதவு சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ. "அல்ஹம்துலில்லா" என்று சொல்லி, எனக்காக அவரே பொத்தானை அமுக்கிச் சீட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.